கைப்பிடிச் சுவரில் பூசிய சிமெண்ட்

பிராங்க்ஸில் எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட லுவான் சரியான சிடுமூஞ்சி. அல்பேனியாக்காரன். நேரம் தவறிக் குப்பைப் பையை வெளியே வைத்தால், அதைத் தூக்கி வந்து என் கதவிலேயே சாத்திவிட்டுப் போவான். சம்பளத்தோடு அடித்தள வீடும் அவனுக்கு உண்டு. வேலை போனால் வீடும் போகும். மனைவியோடும் இரண்டு பெண்களோடும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பொறியாளர் சோதித்தாக வேண்டும். ஆபத்து என்று எழுதிவிட்டால் இடிந்து விழுவதைத் தாங்க நடைபாதைக்கு மேல் பலகைக் கூரை போடுவார்கள். பழுதுபார்ப்பதைவிட அது மலிவு என்பதால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதன் விளிம்புத் தடுப்பு முதல் மாடியில் இருக்கும் என் ஜன்னலை மறைத்துவிடும்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் தெருப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. உரிமையாளர் மிஸஸ் ஹாலரன், "செங்கல் நிறத்துல சிமெண்ட் கலந்து பூசிடு. முடியாதுன்னா சொல்லு, அந்த வீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றாள். பூசினான்.

சோதனை நாளன்று குப்பைச் சண்டையை முடிக்க நானும் அவன் பின்னாலேயே மாடி ஏறியிருந்தேன். பொறியாளர் சுவரைத் தடவி, "இது யார் பாத்த வேலை?" என்றார்.

"எல்லாம் லுவான்தான். நான் எதுலயும் தலையிடறதில்ல. இடிஞ்சு விழுந்தாலும் அவனைத்தான் கேக்கணும்" என்று சிரித்தாள் ஹாலரன்.

லுவானின் முகம் கறுத்தது. இடுப்பிலிருந்த சுத்தியலை எடுத்துச் சுவரில் ஓங்கிப் போட்டான். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கை நுழையும் விரிசல்.

"இந்தம்மா பூசச் சொன்னாங்க, பூசினேன். பழியையும் என் தலையில கட்டப் பாத்தா?"

நான் அவனைப் பார்த்துக் கத்தினேன். "பாவி, என் வீட்டை இருட்டாக்கிட்டியே."

"உனக்கு வெளிச்சம்தான் போகுது. எனக்கு வீடே போகுது. வாயை மூடும்மா."

அந்த மாதமே அவன் கட்டிலும் மெத்தையும் நடைபாதைக்கு வந்தன. தலைக்கு மேல் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. "ஒழிஞ்சான்" என்றேன் நான்.

குளிர்காலத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட நேரம், கைப்பிடிச் சுவர் சரிந்து என் ஜன்னலுக்கு வெளியே பலகைமேல் விழுந்தது. வீடே அதிர்ந்தது. அந்தப் பலகைக்குக் கீழே வாசலில் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்த என் மகள் மேலே வந்து, "என்னம்மா சத்தம்?" என்றாள்.

அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செங்கற்களில் லுவான் பூசிய சிமெண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அவன் எங்கே போனான் என்று தெருவில் ஒவ்வொருவரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. போகும்போது நாங்கள் யாருமே அவனைக் கேட்கவில்லை.