எட்டாவது விதியும் ஓர் ஐந்தாண்டும்

ஒரு குறிப்புக்கு இரண்டு விடைகள் பொருந்தினால் இரண்டும் சரியென ஏற்கப்படும். நாங்கள் வாங்கிய வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டியில் எட்டாவது விதி இது. ஆசிரியர் முடிவே இறுதியானது என்பது ஒன்பதாவது. அரசாணைகளிலும் இதே அழகுதான்.

இன்று காலை கைப்பேசியில் கட்டம் நிரப்பினேன். 'ஆய்வுப் பட்டம் பெற்றவர்', முனைவர். பச்சை. 'பன்னிரண்டு ஆண்டுகள்', மாமாங்கம். பச்சை. அடுத்ததில் சிவப்பு. யாருக்கு மேல்முறையீடு எழுதுவது? கைப்பேசிக்கு முகவரி இல்லை. வாசலில் கருவாட்டுக்காரியின் கூடை மணத்தது. எனக்கு உடனே பரங்கிப்பேட்டை ஸ்டேஷன்.

சிதம்பரத்தில் ஏறிக் கடலூர் முதுநகரில் இறங்கும் பாசஞ்சரில் நானும் ஞானப்பிரகாசமும் கட்டம் நிரப்புவோம். அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவு அவனுடையது. பரங்கிப்பேட்டையில் கருவாட்டுக் கூடைகள் ஏறுவதற்குள் பாதி முடிந்துவிடும்.

அந்த வாரக் குறிப்பு: 'சட்டப் பட்டம் பெற ஆகும் காலம்.' மூன்றாண்டு என்றேன். பி.ஏ.வுக்குப் பிறகு சட்டம் படிக்க விண்ணப்பித்து இடம் கிடைக்காதவன் நான், கணக்கு மனப்பாடம்.

"போ மச்சான். எம் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு அஞ்சு வருசத்துக்குத்தான் சேந்திருக்கா" என்று ஐந்தாண்டு எழுதினான். இரண்டும் ஐந்தெழுத்து, குறுக்குச் சொல் கடைசி எழுத்தில்தான் வெட்டியது.

முடிவு வந்தது. பரிசுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை.

ஞானம் பி.ஏ. இரண்டாம் ஆண்டோடு நிறுத்தியவன். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "டிகிரி முடிக்காதவனுக்கு டிகிரி கணக்கு எதுக்குய்யா?"

ஞானம் சிரித்துவைத்தான். மறுநாள் ரயிலில் இதழைத் தொடவில்லை. மகள் ஸ்டெல்லாவுக்கு விடுதிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

அன்றே மனு எழுதினேன். பொருள், மேற்கோள் காட்டும் 'பார்வை'யில் எட்டாவது விதி, கல்லூரி விளக்கக் குறிப்பேட்டின் நகல். பரிசு பெற்றவனே பரிசை எதிர்த்து எழுதியது அந்த இதழுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். பதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு நினைவூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஞானம் தன் பாக்கெட் டைரியில் எண் போட்டு ஒப்புகை அட்டையோடு அனுப்பினான்.

நான்காவதில் கை பழக்கத்தில் அடியில் 'நகல்: கண்காணிப்பாளர், தகவலுக்காக' என்று எழுதிவிட்டேன். நகல் என்று இருந்தால் அனுப்பியாக வேண்டும், ஞானம் அனுப்பிவிட்டான்.

"குறுக்கெழுத்துக்கு ரிமைண்டரா? ரெண்டு பேருக்கும் மெமோ குடுக்கவா?"

"குடுங்க சார். பார்வையில சேத்துக்குவேன்" என்றேன்.

மெமோ வரவில்லை. நினைவூட்டுகள் போய்க்கொண்டே இருந்தன.

"விட்றா மச்சான், உனக்கு வேற வேலையில்ல?" என்பான் ஞானம்.

"கோப்ப முடிக்காம எப்படிடா விடுறது?"

இன்று அந்த இதழ் இல்லை. ஒப்புகை அட்டைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த ஞானமும் மகளோடு சென்னைக்குப் போய்விட்டான். தவறு என்று சொன்னவரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு முகவரி இருந்ததே, அதுவும் போயிற்று.

அந்த இதழ் இருந்த காலத்திலேயே பதில் வந்தது, ஸ்டெல்லா கறுப்பு அங்கி போட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட வாரத்தில். ஓர் அஞ்சலட்டை: 'ஐந்தாண்டு என்ற விடையும் சரியே.' ஞானம் அதைக் கண்காணிப்பாளர் மேசையில் வைத்து, அவர் படித்து முடிக்கும்வரை நின்றான். பிறகு திரும்ப எடுத்து, ஓரத்தில் பேனாவால் எழுதினான்: பெறப்பட்டது, ஆகஸ்டு 3, முற்பகல்.