படகுக்கு முன்னால் நடந்தவர்

செய்தி உப்பு லாரியில் வந்தது. வானூர் தாலுகா ஆபீஸ் வாசலில், ஒரு கையெழுத்துக்காகக் கால்கடுக்க நின்றுகொண்டிருந்தேன். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிவந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி வந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "அண்ணே, உங்க மச்சான் போயிட்டாருண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாராம். எழுந்திருக்கல" என்றார். கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது. எதிரே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

கன்னியப்பன் அவர்கள் என் மனைவி வள்ளியின் அண்ணன். எனக்கு அதற்கு முன்பே சிநேகிதர். ஒரே குப்பத்தில் பிறந்தோம். அவருக்குக் கடல் கைவந்தது. எனக்கு அலை மேலே போனாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகவே நான் கரையேறி மரக்காணம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்தேன். நேரில் நாங்கள் 'வா, போ' என்றுதான் பேசிக்கொள்வோம். இங்கே நான் 'அவர்கள்' போட்டு எழுதுவதைப் பார்த்தால், "இன்னா மாப்ளே, செத்தாதான் மரியாதை குடுப்பியா?" என்று விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரித்தால் சிரிக்கட்டும், மச்சான். இன்றைக்கு நான் மரியாதையாகத்தான் எழுதுவேன்.

இந்த எழுபதுகள் பிறந்த புதிதில் புதுச்சேரியில் ஒரு குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனது. அவர்கள் விட்டுச்சென்ற பழைய மோட்டார் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. படகின் பின்பக்கம் மாட்டிவிட்டால், அடியில் விசிறி சுழன்று படகைத் தள்ளும். மச்சானிடம் மரப்படகு இருந்தது. என்னிடம் திருப்புளியும் ஸ்பேனரும் இருந்தன. உப்பளங்களை ஒட்டிக் கடல்நீர் தேங்கிக் கிடக்கும் கழியில் சனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று முடிவு செய்தோம். மீன் பிடிக்க இல்லை, உப்பு ஏற்ற இல்லை, சும்மா காற்று வாங்குவதற்கு ஒரு படகா என்று குப்பமே வாயைப் பிளந்தது. காணும் பொங்கலன்று மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டம், கட்டுச்சோற்றைக்கூடப் பிரிக்காமல் எங்கள் படகுக்கு அடித்துக்கொண்டது. மோட்டார்ப் பக்கத்தில் தலைப்பாகையோடு மச்சான் உட்கார்ந்திருந்த தோரணை இருக்கிறதே, அடடா! அந்த நாளின் முதல் பாதியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு இனிக்கிறது.

மறுபாதியில்தான் அந்த விபத்து நடந்தது. படகு கரைக்குத் திரும்பும்போது, இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் செல்வி, "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே நீந்தி வந்து படகின் பின்பக்கத்தைப் பிடித்தாள். மச்சான் முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி அவள் குதிகாலை வெட்டிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி வரை அவளை மடியில் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான். கால் பிழைத்தது. ஆனால் குதிகால் தரையில் முழுசாகப் பதியாது. விந்தி விந்தித்தான் நடப்பாள். வள்ளி அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று தெரியும்தானே? நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "சோறு போடட்டுமான்னு கேளுங்க" என்பாள் அவள். "போதும்னு சொல்லு மாப்ளே" என்பார் அவர். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொன்னால்தான் செல்லும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அவள் என்னிடம் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "கூண்டு இல்லாம அந்த மோட்டாரை தண்ணியில எறக்கினா, எனக்கு அண்ணனும் இல்ல, உங்களுக்குப் பொண்டாட்டியும் இல்ல." விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட வேண்டும் என்றாள். நானும் அவள் கட்சிதான். பெற்றவன் வேறென்ன சொல்வேன்? என் கடைக் கம்பிகளை வளைத்து, கொல்லரிடம் பற்றவைத்து, நான்கு போல்ட்டில் மோட்டாரோடு பூட்டுகிற மாதிரி ஒரு கூண்டு செய்தேன்.

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலு மாட்டாது, சரி. கையி மாட்டாது, சரி. மணல்ல இடிச்சா விசிறி ஒடையாது, அதுவும் சரி. ஆனா மாப்ளே, பாசி மாட்டும். வல மாட்டும். வேகம் பாதியாயிடும். வேகமா வந்து இடிச்சா இந்த இரும்பே மண்டைய ஒடைக்கும்" என்றார். நான் விடவில்லை. "மண்டை உடைஞ்சா கட்டுப் போடலாம் மச்சான். கால் போனா?" என்றேன். அவர் கூண்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எல்லாத்தவிட ஒண்ணு இருக்குது. கூண்டு போட்டவனுக்குத் தெனாவெட்டு வந்துடும். அதான் கூண்டு இருக்குதேன்னு புள்ளைங்க நடுவுல படகை வுடுவான்."

இந்த வழக்கு எங்களுக்குள் நடக்காத நாளில்லை. டீக்கடையில் ஆரம்பித்தால் வீட்டு வாசல் வரை வரும். ஊரில் பாதிப்பேர் என் பக்கம், பாதிப்பேர் அவர் பக்கம். ஆனால் கடைசியில் ஸ்பேனரை வாங்கிக் கூண்டை மாட்டியவர் அவரேதான். "ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காத. தங்கச்சி சொல்லிட்டா, அவ்ளோதான். போட்டாச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். வள்ளி ஒரு தட்டில் கொழுக்கட்டை வைத்து, "குடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். பேச்சு மட்டும் வரவில்லை.

அடுத்து வந்த காணும் பொங்கலுக்கு, செல்வியின் தண்ணீர் பயத்தைப் போக்க வேண்டுமென்று அவளையும் கூட்டிக்கொண்டு வள்ளியே படகில் ஏறினாள். கூண்டு இருக்கிற தைரியம். இன்னும் சில குடும்பங்களும் ஏறின. மழைக்காலத்துத் தண்ணீர் கழியிலிருந்து கடலுக்கு வடிந்துகொண்டிருந்த நேரம். முகத்துவாரத்தைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். திரும்பும்போது மோட்டார் அலறியது, படகு நகரவில்லை. எட்டிப் பார்த்தால், கிழிந்த வலை ஒன்று பாசியோடு கூண்டுக்குள் புகுந்து விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தினோம். நங்கூரம் போட்டோம், அது புதுமணலில் பிடிக்காமல் உழுதுகொண்டே வந்தது. படகு பின்பக்கமாக முகத்துவாரத்தை நோக்கிப் போக ஆரம்பித்தது. அங்கே அலைகள் உடைகிற சத்தம் கேட்டது. பெண்கள் ஓவென்று அழுதார்கள். எனக்கு வழக்கம்போலக் குடல் வாய்க்கு வந்தது. இந்த முறை பயத்தில்.

மச்சான் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்தார். கம்பிகளுக்கு நடுவே கை நுழையவில்லை. விரல் போகாத கூண்டைத்தானே நான் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன்! கூண்டைக் கழற்றினால்தான் வலையை அறுக்க முடியும். என் ஸ்பேனரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கத்தியை எடுத்துவிட்டு, மூச்சு வாங்க, என்னைப் பார்த்து அவர் கேட்டதை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

"மாப்ளே, கழட்டட்டுமான்னு தங்கச்சிய கேளு."

படகு போய்க்கொண்டிருக்கிறது, தங்கச்சி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இவர் என்னைக் கேட்கச் சொல்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "கழட்டுண்ணே! கழட்டு! இன்னா என்னைக் கேட்டுக்கினு இருக்குற?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் நேராக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அதன்பிறகு அவர் கை வேலை செய்த வேகத்தை என்னவென்று சொல்வது! ஸ்பேனரை வாங்கிக்கொண்டார், போல்ட்டுகள் கழன்றன. கூண்டைத் தூக்கி என் காலடியில் போட்டார். வலையை அறுத்து எறிந்தார். "நான் ஏறுற வரைக்கும் கயித்தத் தொடாத" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். மோட்டார் கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. அலை விளிம்பிலிருந்து படகு திரும்பியது. கும்பிடாத சாமி இல்லை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. கரையில் செய்தி பரவி, சனம் தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தது. பிள்ளைகள் முந்திக்கொண்டு நீந்தினார்கள். விசிறியோ மொட்டையாகச் சுழல்கிறது. மச்சான் வெகு தூரத்திலேயே மோட்டாரை நிறுத்தினார். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினார். முன்பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் குதித்தார். "டேய், ஓரம் போங்கடா! ஏம்பா, புள்ளையப் பிடிப்பா!" என்று அதட்டிக்கொண்டே, அத்தனை பேரையும் சுமந்த படகைக் கரைவரை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அன்றிலிருந்து மோட்டார்ப் பக்கத்தில் அவர் உட்காரவே இல்லை. ஓட்டுவது என் வேலையாகிவிட்டது; வாந்தியும் பழகிவிட்டது. கூண்டை நாங்கள் தூக்கிப் போடவில்லை. பாசியில்லாத பக்கம் போனால் மாட்டுவோம், முகத்துவாரப் பக்கம் போனால் கழற்றுவோம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரை நெருங்கினால் மோட்டார் மேலே, மச்சான் தண்ணீரில். மார்கழிப் பனியிலும் அப்படித்தான். "கூண்டுதான் இருக்குதே, ஏறி உக்காரு மச்சான்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "உன் வேலையப் பாரு" என்பார்.

புதுச்சேரியிலிருந்து சொந்தப் படகு வைத்திருந்த இளைஞர் ஒருவர் இந்தக் கதையைக் கேள்விப்பட்டு வந்தார். விசிறிக்குக் கூண்டு போடலாமா வேண்டாமா என்று கேட்டார். எங்கள் பழைய வழக்குக்குத் தீர்ப்பு வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மச்சான் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "போடுங்க சார். போட்டுட்டு, போடலன்னு நெனச்சு ஓட்டுங்க." நானும் அவரும் வருஷக்கணக்கில் கத்தியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது.

வள்ளியும் அவரும் பேசிக்கொண்டார்கள். மீன் குழம்பைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி, செல்வியின் படிப்பைப் பற்றி. குதிகாலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

செய்தி கேட்டு வந்து நான் அவர் வீடு சேர்ந்தபோது அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வள்ளி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "கழட்டுண்ணேன்னு சொன்னேனே, அன்னைக்கே எனக்கு எல்லாம் தீந்துபோச்சுங்க. அது அவருக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சிருந்தா ஏன் இத்தனை வருஷம் தண்ணியிலயே நடந்தாரு?" பிள்ளைகளுக்காக நடந்தாரா, அவளுக்காக நடந்தாரா, இரண்டுக்குமா? நடுவில் நின்று இருவர் பேச்சையும் சுமந்தவன் நான். இந்த ஒன்றை மட்டும் யாரும் என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் சுடுகாடு கழிக்கு அந்தப் பக்கம். அவரை அவருடைய படகிலேயே ஏற்றினோம். பெண்கள் கரையோடு நிற்பதுதான் வழக்கம். வள்ளி நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். செல்வியும் விந்தி விந்தி அவள் பின்னால் போனாள். யாரோ தடுக்கப் பார்த்தார்கள். நான் "விடுங்கப்பா" என்றேன். தாயும் மகளும் முன்கயிற்றைப் பிடித்து, படகை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

வள்ளி திரும்பிப் பார்க்காமலேயே, யாரையும் நடுவில் வைக்காமல், நேராக அவரிடமே பேசினாள். "போதும்ணே நீ நடந்தது. படுத்துக்கோ. நாங்க இழுக்கறோம்."

தண்ணீர் மார்புக்கு வந்ததும் கயிற்றை விட்டார்கள். அவர்கள் இருவரும் கரையேறும்வரை நான் காத்திருந்தேன். பிறகுதான் மோட்டாரை இறக்கினேன். போய் வாருங்கள், மச்சான்.