கிண்ணக்காரரின் இரண்டாம் கடைசல்

அவரைத் தெருவில் கிண்ணக்காரர் என்றுதான் சொல்வார்கள். பிழைப்புக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். விடுமுறை நாட்களில் பின்னறையில் கடைசல் எந்திரத்தை ஓட்டி, மரக்கட்டைகளைக் கிண்ணமாகக் கடைந்து கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் நிலைத்தது, கடைசல்தான் நின்றுபோனது.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மதியம். விரிசல் விட்ட கட்டை என்று தெரிந்தும், பார்த்துக்கொள்ளலாம் என்று எந்திரத்தில் மாட்டினார். முக்கால் கிண்ணம் ஆனபோது கட்டை பிளந்தது. ஒரு பாதி கூரையில் மோதி விழுந்தது. மறுபாதி அவர் காதை உரசி, பலகைத் தடுப்பை உடைத்துக்கொண்டு, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் தோளில் போய் இறங்கியது. "இன்னும் நாலு விரக்கடை மேல பட்டிருந்தா..." என்று ஆரம்பித்த மருத்துவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மனைவியின் எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. அந்தப் பாதி வாக்கியம் மட்டும் கிண்ணக்காரரை விட்டுப் போகவில்லை. எந்திரத்தின் மேல் போர்வையைப் போட்டு மூடினார். வீட்டில் மிக்ஸி ஓடினாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஓய்வு பெற்ற நாலாம் மாதம் மனைவியே பேச்சை எடுத்தாள்.

"அந்தப் போர்வைய எடுங்க, துவைக்கணும்."

"பதினோரு வருஷமா துவைக்காததுக்கு இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் போர்வைக்கு இல்ல. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உங்க முகத்தையே பாத்துட்டு இருக்கிற எனக்குத்தான்."

படகு பழுது பார்க்கும் அவள் தம்பியும் சேர்ந்துகொண்டான். "விரிசல்தானே பிரச்சினை அத்தான்? இப்பல்லாம் மரத்தைச் சுத்தி ரெசின்னு ஒரு பிசினை ஊத்தி, ரெண்டையும் ஒண்ணா இறுக வச்சுக் கடையறாங்க. நான் தரேன். ஆனா ஒரு விரல் கனத்துக்கு மேல ஒரே தடவையில ஊத்தாதீங்க. சூடேறிடும்."

கிண்ணக்காரர் பலகையில் ஒரு பெட்டி அடித்தார். கட்டையை நடுவில் வைத்தார். ரெசினையும் அதை இறுகவைக்கும் திரவத்தையும் அளந்து கலந்து, நீல மையைச் சேர்த்தார். மைத்துனன் சொன்னது காதில்தான் இருந்தது. ஆனால் அடுக்கடுக்காக ஊற்றினால் அடுக்கு பிரிந்து மறுபடி பறந்துவிட்டால்? அந்தப் பயத்தில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினார்.

அரைமணி நேரத்தில் பெட்டியைத் தொட முடியவில்லை. காரமான புகை எழுந்தது. மனைவி சமையலறையில் இருந்தாள். கத்த வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பெட்டிக்குள் 'படீர்' என்று ஏதோ வெடித்த பிறகுதான் குரல் வந்தது. "வெளிய போ, முன்வாசல் வழியா போ." மூச்சை அடக்கிக்கொண்டு, பெட்டியைக் குப்பை அள்ளும் தகரத்தில் ஏற்றிப் பின்முற்றத்துச் சிமென்டுத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அது இன்னும் இரண்டு முறை வெடித்து, பழுப்பேறி அடங்கியது.

இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள்.

"இத்தோட விட்டுடறேன்" என்றார் அவர். "உனக்குப் பயமே இல்ல. எனக்கு முடியல."

"பயம் இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "அன்னிக்கு அப்புறம் அந்தப் பக்கத்து அறையில நான் ஒரு தடவையாவது துணி மடிச்சிருக்கேனா? நீங்க கவனிக்கவே இல்ல."

அவருக்கு உண்மையில் தெரியாது. தன் பயத்தைச் சுமந்ததில் அவள் பயத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டார்.

"அப்புறம் ஏன் என்னை மறுபடி ஓட்டச் சொல்றே?"

"ஒரு தடவையாவது அது ஒழுங்கா ஓடி நிக்கணும். அவ்வளவுதான்."

அடுத்த முறை நாலு அடுக்கு, நாலு நாள். நன்றாக இறுக ஒரு வாரம் விட்டார். எங்கேயாவது விரிசல் சத்தம் வருகிறதா என்று கட்டையைத் தட்டித் தட்டிக் கேட்டார். முகத்தை மூடும் கவசம் வாங்கினார். மனைவியைத் தெருமுனை வரை அனுப்பிவிட்டு, கட்டை சுழலும் நேர்கோட்டிலிருந்து விலகி நின்று, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் பொத்தானை அழுத்தினார். 'டக் டக்' என்று ஒரு சத்தம். உடனே அணைத்தார். பார்த்தால் உளியைத் தாங்கும் கம்பியின் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினார். இன்னும் இரண்டு முறை, காரணமே இல்லாமல் அணைத்தார். நாலாவது முறை நீலச் சுருள்கள் நூல் நூலாய் வந்து அவர் கையில் விழ ஆரம்பித்தன.

மாலையில் கிண்ணம் முடிந்தது. அடியில் ஒரு காற்றுக் குமிழி. விளிம்பு ஒரு பக்கம் தடிமன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கொஞ்சம் கோணல்தான்" என்றாள்.

இப்போது மாதத்துக்கு ஒன்று கடைகிறார். பயம் போகவில்லை, ஒவ்வொரு முறையும் பொத்தானில் விரல் வைக்குமுன் கட்டையை இன்னொரு தடவை தட்டிக் கேட்கிறார். அவளும் எந்திரச் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றுகொள்கிறாள்.