செருப்பு வாரும் வாளைக் கருவாடும்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரியில், புயலுக்குப் பிறகு, கடலூரில் எங்கள் தெருவுக்கு மூன்று வாரம் மின்சாரம் இல்லை. என் வீட்டுத் தோட்டத்து முந்திரி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதை வெட்டி எரித்து, நான்கு குடும்பங்கள் பொழுது சாய்ந்ததும் அங்கேயே ஒன்றாகச் சமைத்தோம். ஒரு வீட்டு அரிசி, ஒரு வீட்டுக் கத்தரிக்காய். கருவாடு எப்போதும் என் நண்பன் கொண்டுவருவான். சோறு வேகும்வரை கதையும் அவனுடையதுதான். சிரித்துச் சிரித்து என் மனைவிக்கு வயிறு வலிக்கும்.

நாங்களாகவே ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு, தணலில் சுடுவது எந்தக் கருவாடு என்று வாசனையை வைத்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்பவருக்கு முதல் துண்டு. தினமும் அவன்தான் ஜெயித்தான்.

அவன் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர். வாயு கசிந்தால் மீட்டர் காட்டுவதற்கு முன் அவன் மூக்கு சொல்லிவிடும் என்று பேர். டிப்ளமோ முடித்து ஒரு வருடம் சும்மா இருந்த என் மகன், டிசம்பரில் அதே ஆலையில், அவனுடைய ஷிப்டிலேயே பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். "மாமா இருக்காருப்பா, நீ ஏன் பயப்படுற" என்பான்.

ஒரு காலையில் தீப்பெட்டி கேட்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஊரில் இல்லை. வாசலிலேயே கேஸ் நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே அடுப்புக் குமிழ் திறந்திருந்தது. அவன் அதன் முன் நின்று தீக்குச்சியை உரசப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

"சளி மச்சான். ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்று சிரித்தான்.

அவனுக்குச் சளி இல்லை. கருவாட்டு விளையாட்டில் அவன் எப்படி ஜெயித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பையைக் கொண்டுவருகிறவன் அவன். உள்ளே என்ன கருவாடு என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவனிடமே நேராகக் கேட்டிருக்கலாம். மகனை வேலையை விடச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், எங்கள் தெருவிலேயே குடியிருந்த அவனுடைய ஷிப்ட் இன்சார்ஜை மூன்றாம் நாள் மாலை சாப்பிடக் கூப்பிட்டேன்.

நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கொண்டுவந்த வாளைக் கருவாட்டைத் தணலில் வைக்காமல், அறுந்துபோன ஒரு ரப்பர் செருப்பு வாரை வைத்தேன். அது கருகி, புகை தெருவரை நாறியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"வாளை. நல்லா முறுவிடிச்சி, எடுத்துடுங்க. தீஞ்சிடப் போவுது."

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கண்ணைத் திறந்து தணலைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். இன்சார்ஜ் மட்டும் தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"சளி சார்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிட்டு சீட்டோட வாங்க. அதுவரைக்கும் டூட்டி வேணாம்."

அதற்குப் பிறகு யாரும் கதை கேட்கவில்லை. அவன் கொண்டுவந்த கருவாட்டைச் சுட்டு எல்லோரும் சாப்பிட்டோம்.

மார்ச்சில் அவனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். மனைவியின் ஊரான சிதம்பரத்துக்குக் குடிபோனான். ஜூனில் என் மகனுக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்தது. ஆலையில் மகன் இருந்தது மொத்தம் ஆறே மாதம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து "மச்சான்" என்று குரல் வந்தது. அவன்தான், கையில் டோக்கன் கட்டோடு. டீ வாங்கிக் கொடுத்தான்.

"ஏன்டா ஊட்டுப் பக்கமே வரல? அந்தச் செருப்ப நெனச்சிக்கினு இருக்கியா?"

நான் டீயை ஆற்றினேன்.

"நீ வெளயாட்டுக்குத்தான போட்ட. சளின்னு சொன்னேன், நம்பிட்ட. உனுக்கு எப்படித் தெரியும்? உட்றா."

தலையாட்டினேன்.

"உன் புள்ள வந்த நாள்லேருந்து நான் தனியா கேஸ் லைன் பாக்கப் போனதே இல்ல, தெரியுமா? மோந்து பாக்க இன்னொருத்தன இட்டுக்கினுதான் போவேன். ஷிப்டுல இருக்கறது உன் புள்ளயாச்சே."

டீயைக் குடித்து முடித்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். புறப்படும் முன் தன் புது எண்ணை என் போனில் அவனே ஏற்றிக் கொடுத்தான்.

போன வாரம் மகன் பேசினான். "மாமா நம்பர் இருக்காப்பா? பேசணும் போல இருக்கு."

"மாத்திட்டான் போலடா" என்றேன்.