வெறும் பை

அன்று அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு மீன் பிடிக்க நான் போனேன், என் மகன் செல்வம் வந்தான், என் மச்சான் வந்தார், மச்சான் மகன் குமார் வந்தான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செல்வத்துக்கு அப்போது பதினாலு வயது. ஒன்பதாவதில் பெயிலானதிலிருந்து வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை. நான்தான் இழுத்துப் போனேன்.

ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் அதை அழுத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவ வேண்டும். செல்வம் கையை விடப் பயந்தான்.

“கூடைக்குள்ள பாம்பா இருக்கு மாப்ள? மீனு ஒன்னயப் பாத்துச் சிரிக்குதுடா” என்றான் குமார். சுற்றி மீன் பிடித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களும் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் பிடித்த விரால் ஒன்றை யாருக்கும் தெரியாமல் செல்வத்தின் இடுப்பில் தொங்கிய மீன் பையில் போட்டேன். அவன் பார்த்துவிட்டான். எடுத்து என் பையிலேயே போட்டான்.

“இது ஒங்க மீனுப்பா. எம் பை வெறும் பையாவே இருக்கட்டும்.”

எல்லாரும் கரையேறிய பிறகும் அவன் ஏறவில்லை. நான் கூப்பிடாமல் கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வெறும் பைக்கு வெட்கப்பட்டது நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து ஊத்தாவுக்குள் கையை விட்டான். கெளுத்தி மீனின் முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. மீனை விடவில்லை.

மச்சான் வீட்டு வாசலில் அவர் மனைவி, “ஆளுக்கு எத்தன பிடிச்சீக?” என்று கேட்டார்.

“ஒம்பது” என்றான் குமார்.

செல்வம் தலையை நிமிர்த்திச் சொன்னான்.

“ஒண்ணு.”