எதிர்க்கடைப் போணி

போட்டி என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கபடி ஆனாலும் சரி, கோவில் ஏலம் ஆனாலும் சரி, ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினால்தான் மனசு ஆறும். ஆனால் போன வருடம் சித்திரையிலிருந்து கார்த்திகை வரை நான் பார்த்ததைப் போல ஓர் ஆட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. களம், தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் எங்கள் கடைத்தெரு. ஆடியவர் என் கடைக்கு நேர் எதிரே குடைக்கடை வைத்திருந்த பாய். அவருக்குத் தெரியாமல் அவர் பக்கம் ஆடியவள் நான்.

என் கடை ஒரு மேட்சிங் சென்டர். பெண்கள் புடவையோடு வருவார்கள். அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். ஒரத்தநாட்டுப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வம்சத்திலேயே கல்லாவுக்குப் பின்னால் நின்ற முதல் ஆள். அந்தத் திமிர் எனக்கு இன்னும் உண்டு.

நான் கடை போட்டபோது தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அறுவடை முடிந்தால் பாபநாசம், நாகப்பட்டினம் என்று எல்லாப் பக்கத்துச் சனமும் இங்கேதான் இறங்கும். பிறகு வெளியூர்ப் பஸ்ஸெல்லாம் புது பஸ் ஸ்டாண்டோடு நின்றுகொண்டன. அப்பளத்திலிருந்து தங்கம் வரை ஒரே கூரையில் விற்கும் கடைகள் கார் நிறுத்த இடத்தோடு வந்தன. அதற்குப் பிறகு செல்போன் வந்தது. பித்தளைக் கடை மூடியது, கடிகாரக் கடை மூடியது, எங்கள் வரிசையில் 'வாடகைக்கு' அட்டைகள் தொங்க ஆரம்பித்தன. கடைசியில் அந்த ஐம்பதடிக்குள் ஷட்டர் தூக்குகிற ஆட்கள் பாயும் நானும்தான். நிறம் பார்க்கக் கண் வேண்டும், போனில் அது நடக்காது. அதனால் நான் தப்பித்தேன். குடைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் போணி ஆகும்வரை, அதாவது அன்றைய முதல் வியாபாரம் நடக்கும்வரை, அவர் நாற்காலியில் உட்காரவே மாட்டார். கடை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முதல் குடை விற்றதும் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெட்டியில் போட்டுவிட்டு, அப்பாடா என்று உட்காருவார். அதனால் என் கடையிலிருந்தே எனக்குக் கணக்குத் தெரிந்துவிடும். பாய் நின்றால் போணி இல்லை. உட்கார்ந்தால் ஆகிவிட்டது.

"எதுக்கு பாய் இப்படிக் காலை ஒடிச்சுக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதலாளி உட்கார்ந்திருந்தா கடை தூங்கற மாதிரி தெரியும் தங்கச்சி. நீயும் நின்னு பாரு."

"எனக்கு மூட்டு வலி பாய். என் கடை தூங்கட்டும், பரவாயில்லை."

போன வருடம் சித்திரையில் ஒரு காலை, பாய் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து மகன். கடையை விட்டுவிட்டு வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று கெஞ்சினான். கட்டடத்துச் சொந்தக்காரர் வேறு அதை இடித்துக் கட்டக் காத்திருந்தார். பேசி முடித்துவிட்டு பாய் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

"சொல்லிட்டேன் தங்கச்சி. கட்டடக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு. என்னைக்கு ஒரு நாள் போணி ஆகாம ஷட்டரை இறக்கறனோ, மறுநாள் சாவியைக் கொடுத்துடறேன். அதுவரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"ஒரே ஒரு நாளா? வேண்டாத வேலை பாய் இது."

"வார்த்தை கொடுத்தாச்சு," என்றார். பாய் வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். அது தெருவுக்கே தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் ஒரு குடை கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "கடைக்காரங்க கடைக்காரங்களுக்குப் போணி பண்ணக் கூடாதும்மா. அது வியாபாரம் இல்ல, பரிதாபம். போணி ஆனப்புறம் வா, தர்றேன்." எனக்குக் கோபமான கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த நிமிடத்திலேயே முடிவு செய்தேன். நான் வாங்கக் கூடாது, அவ்வளவுதானே. வாங்குகிற ஆளை அனுப்பக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

அன்றிலிருந்து எனக்குத் தினமும் திருவிழா. கடை திறந்ததும் முதல் வேலை எதிரே பார்ப்பது. பத்து மணி, பதினொன்று, பாய் நின்றுகொண்டிருப்பார், நான் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்னி நட்சத்திர நாட்களில் கவலையில்லை, வெயில் தாங்காமல் யாராவது வந்துவிடுவார்கள். வைகாசி முகூர்த்தத்தில் என் கடைக்குக் கூட்டம் வந்தது. வந்த பெண்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வேன். "எதிர்க்கடையில ஒரு குடை வாங்கிட்டு வாங்க. ஃபால்ஸ் நானே சும்மா தைச்சுத் தர்றேன்." பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மீதிப் பேர் போவார்கள். பாய் உட்காருவதைப் பார்த்ததும் எனக்கு வரும் சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. அடுத்து வருகிறவர்களுக்கு லைனிங்கில் தாராளமாகக் கால் மீட்டர் கூடப் போய்விடும்.

ஊருக்கும் போன் போட்டேன். தஞ்சாவூர் வருகிற உறவுக்காரர் யாரானாலும் குடை வாங்காமல் திரும்பக் கூடாது, என் பெயரைச் சொல்லவும் கூடாது என்று உத்தரவு. என் சித்தி வீட்டில் இப்போது நான்கு குடைகள் இருக்கின்றன. அந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

மறக்க முடியாத வெற்றி என்றால் ஆவணியில் ஒரு சாயங்காலம்தான். திடீர் மழை. முதுகில் மூட்டை மாதிரிப் பெரிய பையோடு ஆன்லைன் பார்சல் கொடுக்கிறவர் ஒருவர் பாய் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். பாயின் வயிற்றில் அடித்த வியாபாரத்தின் ஆளே நேரில் வந்து நிற்கிறார், பாய் அவருக்குத் துடைக்கத் துணி கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் நனைந்துகொண்டே ஓடினேன். "தம்பி, மாடிப்படி ஏறி இறங்கி வீடு வீடாப் போறீங்க, பார்சல் நனைஞ்சா உங்க தலையிலதானே விடியும்?" என்று ஆரம்பித்து விடாமல் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு மடக்குக் குடை வாங்கினார். பாய் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் என் கடைக்குள் போய், யாரும் பார்க்காமல், துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு குதி குதித்தேன். மூட்டு வலியெல்லாம் அப்போது எங்கே போனதோ.

இன்னொரு நாள் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஒரு பெரியவர் குனிந்து ஷட்டருக்கு அடியில் உள்ளே போகிறார். குறுவை அறுத்த வயலிலிருந்து நேராக வந்திருப்பார் போல, வேட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அவருக்கு மரப்பிடி வைத்த பெரிய குடைதான் வேண்டுமாம், அது வேறெங்கும் கிடைக்கவில்லையாம். அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

இப்படி ஏழு மாதம் ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. நான் இந்தத் தெருவையே தூக்கி நிறுத்திவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வந்துவிட்டது. மூடிய கடைகள்கூடத் திறந்துவிடும் என்று பாயிடம் அளந்தேன். அவர் "ஆகட்டும்" என்று மட்டும் சொல்வார்.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. விடியற்காலையில் பிடித்த மழை விடவே இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை நாளில் குடைக்கடைக்குப் போணி இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அன்று தெருவுக்குள் ஆளே வரவில்லை. வந்த இரண்டொருவரும் ரெயின்கோட்டோடு வண்டியில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனார்கள். பாய் வாசலில் நின்றார். எனக்கும் போணி இல்லை. ஆனால் அதை நான் நினைக்கவே இல்லை, என் கண்ணெல்லாம் எதிரேதான்.

மூன்று மணி வாக்கில் ஒரு புருஷன் பெண்டாட்டி பாய் கடையில் ஏறினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று குடைகளை விரித்தார்கள். நான் கல்லா மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒரு பூப்போட்ட குடையைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். புருஷன் அதைப் போட்டோ எடுத்தான், போனில் எதையோ தேடினான், அவளிடம் காட்டினான். இரண்டு பேரும் குடையை வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். பாய் மூன்று குடைகளையும் ஒவ்வொன்றாக மடக்கினார்.

ஐந்து மணிக்கு என் கடைக்கு ஒரு பெண் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். கையில் மாம்பழ நிறப் பட்டுப் புடவை, மறுநாள் நிச்சயதார்த்தமாம், ரவிக்கைத் துணியும் லைனிங்கும் உடனே வேண்டுமாம். கையில் குடை இல்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"எடுத்துத் தர்றேன்மா, எங்க போயிடப் போகுது துணி. முதல்ல எதிர்க்கடையில ஒரு குடை வாங்கிட்டு வாங்க. புடவை நனையுது பாருங்க."

"நேரமில்லக்கா, ஆட்டோ நிக்குது. துணியக் குடுங்க."

"ரெண்டு நிமிஷம்மா. வாங்கிட்டு வாங்க. லைனிங் சும்மாவே தர்றேன்."

அவள் தயங்கிக்கொண்டே படியிறங்கித் தெருவில் கால் வைத்தாள். பாய் நிமிர்ந்து பார்த்தார். அப்போது முனையில் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார், அவள் போனும் அடித்தது. எதிரே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "போக்கா, வேற கடை பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினாள். நான் துணிக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் போச்சு, பாய்க்கும் போச்சு.

ஆறரை மணிக்குப் பாய் ஷட்டரை இறக்கினார். இந்த முறை முழுவதும் இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு சின்னப் பிள்ளைக் குடை, நீல நிறம், அதை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி என் கடையை நோக்கி வந்தார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் குடை. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

படியேறி, குடையை மடக்கி மேசைமேல் வைத்தார். "இதுக்கு மேட்ச்சா ஒரு ரவிக்கைத் துணி குடும்மா. வீட்ல இருக்கறவளுக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கடைக்காரங்க கடைக்காரங்களுக்குப் போணி பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? என்னை மட்டும் வேண்டாம்னீங்க. இப்ப எனக்கு நீங்க பரிதாபப்படுறீங்களா?"

"நான் இப்ப கடைக்காரன் இல்லையேம்மா," என்றார்.

பிறகு அவரே சொன்னார். "சித்திரையிலேர்ந்து வர்றவங்கள்ளாம் கையில புடவைப் பையோட வந்து குடை கேட்டா எனக்குத் தெரியாதா தங்கச்சி? தெரிஞ்சுதான் உட்கார்ந்தேன். வாங்கறவங்க வாங்கறாங்க, அதுல தப்பில்லன்னு நினைச்சேன். ஆசையாவும் இருந்துச்சு. ஆனா இன்னிக்கு நீ உன் போணியைக் கையால தள்ளிவிட்ட. என் கடைக்காக ஒரு கடை போணி இழக்கக் கூடாதும்மா. அந்தப் பொண்ணு ஓடினப்பவே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் யாராவது வந்திருந்தாலும் நாளைக்குச் சாவி குடுத்துருப்பேன்."

நான் நீலக் கட்டுகளை இறக்கினேன். எத்தனையோ நீலம் இருக்கிறது என் கடையில், அன்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. எடுப்பதும் குடைமேல் வைத்துப் பார்ப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். அழுகையாக வந்தது, அதைவிட என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஏழு மாதம் இவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஷட்டரை இறக்கியது நான்தான்.

"அந்த மூணாவது. அதேதான். சரியா இருக்கு," என்றார் பாய், நிறம் தெரிந்தவர்போல. அளந்து வெட்டினேன். அரை முழம் கூடவே போனது.

"அளவா வெட்டும்மா. இப்படி வெட்டினா நீயும் மூட வேண்டியதுதான்."

பணத்தைக் கொடுத்தார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை. அது பெட்டியில் விழும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான், காலையிலிருந்து நின்ற அந்த மனிதர், வாடிக்கையாளருக்குப் போட்டிருக்கும் என் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"போணி ஆச்சுல்ல, நீயும் உட்காரு," என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அன்று காலையிலிருந்து நானும் உட்காரவே இல்லை.