எதிர்த்தரப்பையும் அழைத்து வரச் சொன்ன அண்ணன்

1941: கடலை வணிகர்களின் சார்பில் அரசு அதிகாரிகளிடம் பேசும் பணியை அண்ணன் ஏற்றார்கள்.
1946: அப்பணியிலிருந்து விலகி, ஜில்லா போர்டு உறுப்பினரானார்கள்.
1949, மாசி: திருச்சி மருத்துவமனையில் காலமானார்கள்.

அண்ணன் பிறந்தது உடையார்பாளையத்தில். தந்தையார் மறைந்ததும் தம் படிப்பை நிறுத்திக்கொண்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். இக்கட்டுரையை நான் எழுத முடிவதே அதனால்தான்.

யுத்த காலத்தில் சரக்கேற்ற ரயில் வேகன் கிடைப்பது அரிது. அரியலூர் மண்டிகளில் மூட்டைகள் தேங்கும்போது, அண்ணன் திருச்சி சென்று அதிகாரியின் அறைவாயிலில் காத்திருந்து வேகன் பெற்று வருவார்கள். ஒரு தரப்பின் நியாயத்தை முழு நியாயமாகத் தோன்றச் செய்வது அவர்களுக்குக் கைவந்திருந்தது. அதன் ஆபத்தையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே உறுப்பினரானபின் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார்கள்: கோரிக்கையுடன் வருபவர், அதனால் நஷ்டப்படுபவரையும் உடன் அழைத்து வர வேண்டும். தனியே வந்தவருக்கு மோர் கிடைக்கும், பதில் கிடைக்காது.

திருமானூரை அடுத்த கொள்ளிடக் கரைப் பாதை மழையில் அறுந்துபோகும். பிரசவ வேதனையில் இருந்த பெண்களும் வழியில் தவித்ததுண்டு. அதைக் கல் பரப்பிக் கப்பிச் சாலையாக்கப் போர்டு ஒதுக்கவிருந்த தொகையை, அரியலூர் மண்டிகளுக்குச் செல்லும் மண்டிப் பாதைக்கு மாற்றும்படி கேட்டு லப்பைக்குடிகாட்டுக் கடலை வணிகர் ராவுத்தர் வந்தார். அண்ணனை முதலில் பணிக்கு அமர்த்தியவர் அவர். தேர்தலில் அண்ணனுக்குத் துணை நின்றவரும் அவரே. முறை சொல்லி அழைப்பதில் எங்களுக்கு அவர் மாமா.

“மாப்ளே, நீங்க கை தூக்குனா காரியம் முடிஞ்சிரும்.”

“திருமானூர்க்காரர் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க மாமா. சேந்தே பேசுவோம்.”

“யா அல்லா! ஒங்கள திருச்சிக்கு அனுப்புனப்ப, நான் எந்த எதிராளியக் கூட அனுப்புனேன்?”

“அனுப்பல. அதான் சொல்றேன்.”

“அடுத்த எலக்சன்ல பாப்போம்” என்று ராவுத்தர் எழுந்துவிட்டார். மோர் அப்படியே இருந்தது. பதவி போகும் என்றே நாங்கள் எண்ணினோம்.

அந்த மழைக்காலத்திலேயே அவர் தம் வண்டியில் திருமானூர் சென்று, சோலைமுத்து என்னும் விவசாயியை அழைத்து வந்தார். இருவர் வேட்டியிலும் முழங்கால்வரை சேறு.

“வண்டி சேத்துல எறங்கிருச்சு மாப்ளே. ரெண்டு பேருமாத் தள்ளுனோம்.”

“மொதலாளி நல்லாவே தள்ளுறாருங்க” என்றார் சோலைமுத்து.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்று ராவுத்தர் மோர் குடித்தார். தொகையைப் பற்றி அவர் மீண்டும் பேசவில்லை. அது திருமானூருக்கே சென்றது.

மாசியில் நெஞ்சுவலி கண்டபோது அண்ணனைத் திருச்சிக்குக் கொண்டு சென்றது ராவுத்தரின் கார். மருத்துவமனை வாயிலை விட்டு அகலாதிருந்தவர் சோலைமுத்து. இவ்விருவருக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

அண்ணன் முடிக்காமல் விட்டவை:

கொள்ளிடக் கரைச் சாலையின் கடைசிப் பாலம்.

மண்டிப் பாதைக்கெனத் தனித் தொகை.

இவ்விரண்டில் எது முந்த வேண்டும் என்ற பேச்சு. அதற்காக ராவுத்தரையும் சோலைமுத்துவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அந்நாள் இறுதிச் சடங்கின் நாளாயிற்று. இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.